ஸ்டீல் பிரேக்கும் கொஞ்சம் தேங்காயெண்ணெயும்

போன வெள்ளிக்கிழமை காலை எங்கள் பைக்கை ஒரு கருவேலம் புதருக்குள் பார்க் செய்தேன். பின் சீட்டில் என் மனைவி செல்வி இருந்தாள். புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் டீச்சர்.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவள் உள்ளங்கையில் ஏழெட்டு முள். எங்களைக் கவிழ்த்த ஆடுகளோ, சிதறிய லெமன் சாதத்தை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் போயின.

இத்தனைக்கும் என் வண்டியில் இருப்பது சாதாரண பிரேக்கா? ரேஸ் பைக்குகளில் மாட்டுகிற ஸ்டீல் லைன் சார்!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பிரேக்கைப் பிடித்தால் ஆயில் ஒரு ரப்பர் ஹோஸ் வழியாகப் போய், முன்சக்கர டிஸ்க்கைப் பேட் கவ்விப் பிடிக்கும். அந்த ரப்பர் லேசாக உப்பி, பிடி தளர்ந்துபோகுமாம். மேலே ஸ்டீல் கம்பி பின்னிய லைன் என்றால் உப்பாதாம். யூடியூபில் ஒரு தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே இதை விளக்கினார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வண்டி ஐம்பதைத் தொட்டாலே உதறும்... அது வேறு விஷயம்.

திருவரங்குளத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் மெக்கானிக் ஆரோக்கியத்தின் கடை. ஆவூர்க்காரர். ஆன்லைனில் வாங்கிய ஸ்டீல் லைன் பார்சலை நீட்டினேன்.

"பழைய ஹோஸ் நல்லாத்தானே சார் இருக்கு? வெடிப்பு, கசிவு ஒண்ணுமில்ல. பேடுதான் தேஞ்சு கெடக்கு. அத மாத்துங்க."

"அது அடுத்த மாசம் பாத்துக்கலாங்க. இத மாட்டுங்க."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். லைனை மாட்டி, ஆயிலையும் மாற்றிக் கொடுத்தார். பிரேக்கைப் பிடித்தால் கல் மாதிரி கெட்டி. ஒரு வாரம் வண்டியை எடுக்காமலே அதைப் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, என்ன செய்ய?

நம் ஊரில் வண்டிக்குப் புதுச்சாமான் மாட்டினால் பூஜை போடாமல் இருப்போமா? வெள்ளிக்கிழமை காலையிலேயே கழுவி, எலுமிச்சம்பழம் வைத்தேன். லைன் முழுக்கச் சந்தனம், குங்குமம். டிஸ்க் மட்டும் துருவேறி அசிங்கமாக இருந்தது. ஸ்டேட்டஸ் போட்டோவில் புது லைனுக்குப் பக்கத்தில் அது வந்தால் நன்றாகவா இருக்கும்? ஒரு துணியில் தேங்காயெண்ணெய் தொட்டு, முகம் தெரிகிற அளவுக்குத் துடைத்தேன்.

"என்னங்க, நேரமாச்சு. பெல் அடிச்சிரும்" என்று செல்வி ஏறிக்கொண்டாள்.

தெருக்களில் பின் பிரேக்கிலேயே ஓட்டிவிட்டேன். ரோட்டு வளைவில் ஆடுகள். 'பார் என் ஸ்டீலை' என்று முன் பிரேக்கை முழுசாகப் பிடித்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. வண்டி மட்டும் நிற்கவில்லை.

வண்டியைக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனதும், ஆரோக்கியம் டிஸ்க்கை விரலால் தொட்டு, மோந்து பார்த்தார்.

"சார்... தலைக்குத் தேய்க்கிற எண்ணெயா இது? இதத் தடவுனா பேடு வழுக்கத்தானே செய்யும்!"

முள் எடுத்துக்கொண்டிருந்த செல்வி கேட்டாள்: "வேற ஏதாச்சும் மாத்தச் சொன்னீங்களாண்ணே?"

"பேடு மாத்தச் சொன்னேன் டீச்சர். சார்தான் அடுத்த மாசம்னாங்க. இப்ப எண்ணெய குடிச்சு வீணாப்போச்சு, மாத்தித்தான் ஆகணும்."

அவள் என்னைத் திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "நான் பஸ்ல போறேங்க" என்று மட்டும் சொன்னாள். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசும் கிடையாது. நான் எப்படிப் போட்டி போட?

ஆக, ஸ்டீல் லைன் தேவையா என்று கேட்கும் வாசகர்களே... உங்கள் ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தால் மாற்றுங்கள். அப்போது ஸ்டீலே போட்டாலும் தப்பில்லை. ரேஸுக்குப் போகிறவர் என்றால் தாராளமாகப் போடுங்கள். மற்றவர்கள் முதலில் பேடையும் ஆயிலையும் பாருங்கள். பாவம், அதையெல்லாம் போட்டோ எடுத்துப் போட்டால் யார் லைக் போடுவார்கள்? அங்கேதான் நமக்குப் பிரச்சினை.

புது பேட் மாட்டியாயிற்று. டிஸ்க்கையும் ஆரோக்கியம் சுத்தமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டார். வண்டி இப்போது நினைத்த இடத்தில் நிற்கிறது — சத்தியமாக!

தினமும் காலையில் பஸ் ஸ்டாப்பில், செல்விக்கு முன்னால், கோடு கிழித்த மாதிரி நிறுத்திக் காட்டுகிறேன். அவள் என்னைத் தாண்டி எட்டி, பஸ் வருகிறதா என்று பார்க்கிறாள்.