மஞ்சள் நாடாவுக்கு அப்பால்

லோர்ன் பெல்கிக்கு ஐம்பது தாண்டிவிட்டது, இன்னும் தற்காலிக ஆராய்ச்சியாளர்தான். ஈரி ஏரிக்கரையில் உள்ள அந்தப் பல்கலைக்கழகத்தில் வருஷா வருஷம் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்கள். கதவில் பெயர் மட்டும் போடமாட்டார்கள். கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவரைக் கூப்பிடவும் மறந்துபோகும். ஆளைப் பார்த்து வரும் மறதி அது.

இந்த வசந்தத்தில் நிரந்தர வேலை ஒன்று காலியானது. அதற்கு அவர் நம்பியிருந்தது தான் செய்த ஒரு சர்க்யூட் போர்டை. பொருள்களின் அளவைவிட அவை இணைந்திருக்கும் விதத்தைப் பார்க்கும் இடவியல் இயற்பியலில் பிறந்தது அது. வரிசையாக நிற்கும் சின்னச் சின்ன சர்க்யூட்டுகளில் ஒன்றிரண்டு முன்னே பின்னே இருந்தாலும் பாதகமில்லை. வரிசையின் தலையும் வாலும் இணைகின்றனவா என்பதுதான் கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தால் போதும். அதில் இம்மியளவு ஈயம் இருந்தாலும் திரையில் கோடு எகிறும். குழாய்த் தண்ணீருக்குப் பயந்து பிள்ளைகளுக்குப் பாட்டில் தண்ணீர் வாங்கும் ஊரில் அது பெரிய விஷயம்.

தேர்வுக் குழு பார்க்க வந்தது. அளக்கும்போது எல்லோரும் தரையில் ஒட்டிய மஞ்சள் நாடாவுக்கு அப்பால் நிற்கவேண்டும். கிட்டே வந்தால் மனித உடம்பே அளவைக் கெடுத்துவிடும். லோர்ன் போட்ட சட்டம். சொட்டு விட ஆள் வேண்டுமே என்று அவர் மட்டும் மேஜையருகில் இருப்பார்.

குழுத் தலைவி ஹாவர்சன் கேட்டார்: "நீங்க கை வெக்காம இது ஓடுமா?"

"தாராளமா! நீங்களே சொட்டு விட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடுங்க."

லோர்னும் நாடாவுக்கு அப்பால் போய் நிற்க, ஹாவர்சன் முதலில் நல்ல தண்ணீர் விட்டார். கோடு அசையவில்லை. அடுத்து ஈயத் தண்ணீர். அப்போதும் அசையவில்லை.

லோர்ன் மேஜையருகே ஓடினார். வயர் விலகியிருக்குமோ என்று போர்டின் மேல் குனிந்தார். கோடு எகிறியது. விலகினார், விழுந்தது.

"அட, இது ஈயத்தை அளக்கல லோர்ன், உங்களைத்தான் அளக்குது!" என்றான் வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து ஆய்வகத்து டால்டன். "எதுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்கோங்க."

குழு சிரித்தது. லோர்னுக்குப் புரிந்துவிட்டது. நல்ல தண்ணீரை எப்போதும் எட்டி நின்றே விடுவார். ஈயத் தண்ணீர் தெறித்துவிடுமோ என்று, அளந்து முடியும்வரை போர்டின் மேல் கவிந்தே இருப்பார். எல்லோரையும் விரட்டிய சட்டத்தில் தன்னைச் சேர்க்க அவரும் மறந்திருந்தார்.

"நல்ல முயற்சி," என்று ஹாவர்சன் கை கொடுத்தார். "மன்னிக்கணும், உங்க பேரு என்ன சொன்னீங்க?"

அந்த நிரந்தர வேலை கிடைக்காது என்று அதற்குமேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அறை காலியானதும் லோர்ன் தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். திரையில் கோடு எகிறியது. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவர் வந்ததையும் போனதையும் கவனித்தது அது ஒன்றுதான்.

பிளக்கைப் பிடுங்கினார்.