யோகேஸ்வரி டீச்சரின் பவளமும் சோமா அம்மாவின் மஞ்சள் தண்ணீரும்

யோகேஸ்வரி டீச்சர் காலமான செய்தியைச் சோமா அம்மாதான் தொலைபேசியில் சொன்னார். பதுளையில் டீச்சர் கடைசிவரை குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி அவர். சிங்களவாடை வீசும் தமிழில், "டீச்சர் போயிட்டாங்க மகள். காலையில தேத்தண்ணி கொண்டுபோனேன், எழும்பல்ல" என்றார். அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ யோசிக்காதே. வீடு பூரா மஞ்சள் தண்ணி தெளிச்சிட்டேன். அந்தக் கண்ணாடித் தொட்டியிலயும் கொஞ்சம் ஊத்தினேன்" என்றார்.

என் அழுகை அப்படியே நின்றுவிட்டது. ஒருவர் இறந்து கிடக்கும்போது தொட்டித் தண்ணீரை நினைத்து நடுங்குகிறாளே என்று டீச்சரை அறிந்தவர்கள் என்னைக் கோபிக்க மாட்டீர்கள். அறியாதவர்கள் மீதியையும் கேளுங்கள்.

போர் நடந்த தொண்ணூறுகளில் நாங்கள் இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் யாழ்ப்பாணத்துக் கடற்கரை ஊர்க்காரர், இரசாயனவியல். நான் ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், தமிழ். சோமா அம்மாவின் வீட்டில் ஆளுக்கொரு அறை எடுத்திருந்தோம். முன்கூடத்தில் டீச்சரின் தொட்டி இருந்தது. கொழும்பில் அலங்கார மீன் வளர்க்கும் ஒருவர் தன் தொட்டியில் வளர்ந்த பவளத்திலிருந்து வெட்டிக்கொடுத்த துண்டுகள் அதில் விரல் நீட்டி அசைந்துகொண்டிருந்தன. "மீனே இல்லையேங்க டீச்சர்?" என்று கேட்டேன். "இதில நான் மீன் வளர்க்கேல்லை, செல்வி. தண்ணியை வளர்க்கிறன்" என்றார்.

தண்ணீரை வளர்ப்பது லேசான காரியம் இல்லை. பவளம் உயிருள்ளது. தன் எலும்பைக் கட்டுவதற்குத் தண்ணீரிலுள்ள கல்சியத்தையும் காரத்தையும் தின்றுகொண்டே இருக்கும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சுருங்கும், வெளுக்கும், செத்துப்போகும். ஆகவே ஆணியில் ஆஸ்பத்திரிச் செலைன் போத்தல்கள் இரண்டு தொங்கின. ஒன்றில் கல்சிய உப்பு, மற்றதில் அப்பச்சோடா. இரண்டும் தொட்டியின் இரு மூலைகளில் சொட்டுச் சொட்டாக விழும். தினமும் காலையில் டீச்சர் கொஞ்சம் தண்ணீரை எடுத்து, நிறம் மாறும்வரை அமிலத்தைச் சொட்டவிட்டு, காரம் எவ்வளவு என்று பார்ப்பார். நான் பக்கத்தில் நின்று சொட்டுகளை எண்ணுவேன்.

நான் பிறவிக் கோழை. வாசலில் ஜீப் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் இடம் தேடுவேன். "அரண்டவள் கண்ணுக்கு அப்பச்சோடாவும் பேய்" என்று டீச்சர் கேலி செய்வார். அவருக்குப் பயமே கிடையாது என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். பொத்துவில் பக்கம் போய்க் கடல்நீரைப் பிளாஸ்டிக் கான்களில் நிரப்பி, மொனராகலை வழியாகப் பஸ்ஸில் கொண்டுவருவார். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். சோதனைச் சாவடியில், அந்நாளில் எல்லாரையும் தங்கள் போத்தலில் ஒரு வாய் குடித்துக்காட்டச் சொல்வது வழக்கம். கானைப் பார்த்த சிப்பாய், குடி என்றான். டீச்சர் மூடியில் ஊற்றி மடக்கென்று குடித்தார். "உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு" என்று அவனுக்குச் சிங்களத்தில் சொல்லிவிட்டு மூடியைத் துடைத்து மூடினார்.

ஆனால் ஒரு சனிக்கிழமை பிற்பகல் சோதனை வீடு தேடி வந்தது. யாரோ கான்களைப் பற்றி வத்திவைத்திருக்க வேண்டும். வந்த அதிகாரியின் கண்ணால் முன்கூடத்தைப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. டப்பாக்களில் வெள்ளைத்தூள். அமிலப் போத்தல். வயர்கள். நேரத்துக்கு விளக்கை அணைக்கிற டைமர். போதாததற்கு யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. குண்டு செய்கிறார் என்று சொல்ல வேறென்ன வேண்டும்?

டீச்சர் வகுப்பில் விளக்குவதுபோல விளக்கத் தொடங்கினார். அத்தோடு விட்டிருக்கலாம். இந்த இரண்டு போத்தல்களையும் ஒன்றாக ஊற்றவே கூடாது என்றும் சொல்லிவைத்தார். ஊற்றினால் என்ன ஆகும் என்று அதிகாரி கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் என்னைக் காட்டி, ஒரு கிளாசில் கலக்கச் சொன்னார். சொல்லிவிட்டு எல்லாரும் வாசற்படிக்குப் பின்வாங்கினார்கள்.

"ஊத்தும், செல்வி. ஒண்டும் நடவாது. சுண்ணாம்புதான்" என்றார் டீச்சர்.

குலதெய்வத்தைக் கூப்பிட்டுக் கண்ணை இறுக மூடி ஊற்றினேன். திறந்தபோது கிளாசுக்குள் அரிசி கழுவிய தண்ணீர்போல வெள்ளையாக இருந்தது. ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அதிகாரி சிரிக்கவில்லை. போத்தல்கள், டப்பாக்கள், அமிலம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு டீச்சரையும் ஜீப்பில் ஏறச் சொன்னார். அப்படி ஏறிப்போனவர்கள் எல்லாரும் திரும்பி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏறும்போது டீச்சர் சொன்னது இதுதான்: "காரம் இறங்கும், அப்பச்சோடா கரைச்சு ஊத்தும். ஆனா ஒரேயடியாத் திருத்தப் போகாதையும். பிழைச்ச தண்ணியைக் கெதியாத் திருத்தினால், அந்தத் திருத்தமே சாகடிச்சுப்போடும்."

மறுநாள் காலை சோமா அம்மா கிண்ணத்தில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையால் வீடெங்கும் தெளித்தார். "இந்தப் பெட்டியாலதானே இவ்வளவும். தோஷம் போகட்டும்" என்று மிச்சத்தைத் தொட்டியில் கவிழ்த்தார். நான் ஐயோ என்று கத்துவதற்குள் கிண்ணம் காலி. அவர் குடையை எடுத்துக்கொண்டு, "டீச்சரைக் கூட்டிட்டுத்தான் வாறேன்" என்று பொலிசுக்குப் போய்விட்டார்.

நான் தனியாகத் தொட்டியின் முன் நின்றேன். தண்ணீர் மஞ்சளித்துப்போனது. பவளங்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டன. இவை செத்தால் டீச்சரும் திரும்பமாட்டார் என்று எப்படியோ ஓர் எண்ணம் மனதில் ஏறிவிட்டது. முட்டாள்தனம்தான், ஆனால் அதை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை. நிறமோ வாசமோ விழுந்தால் கரிதான் மருந்து என்று டீச்சர் சொல்லியிருந்தார். அயன்பெட்டிக்கு வைத்திருந்த சிரட்டைக் கரியைக் கழுவி, ஒரு காலுறையில் கட்டித் தொட்டியில் போட்டேன். குசினியில் அப்பச்சோடா தீர்ந்திருந்தது. கடைக்குப் போய், வெள்ளைத்தூள் பொட்டலத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு காவலரணைத் தாண்டி நடந்துவந்த அந்தத் தூரத்தை இப்போதும் கனவில் நடக்கிறேன். சிப்பாய் பையைத் திறந்தான். "ஆப்பத்துக்குங்க" என்றேன். அவன் தூளை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

பயந்த மனதுக்கு எல்லாமே உடனே சரியாக வேண்டும். பொட்டலம் முழுவதையும் கொட்டிவிடக் கை துடித்தது. அளந்து பார்க்க அமிலமும் இல்லை. அவர் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கரண்டியால் கொஞ்சம் விட்டேன். காத்திருந்தேன். பிறகு இன்னும் கொஞ்சம். பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு நாட்கணக்கில் இதே வேலைதான். சோமா அம்மா தினமும் காலையில் குடையோடு போய்ப் பொழுதுபட வந்தார்.

ஒரு நண்பகலில் முச்சக்கர வண்டி வந்து நின்றது. முதலில் குடை இறங்கியது. பிறகு டீச்சர். வற்றிப்போயிருந்தார். எங்களோடு பேசாமல் நேரே தொட்டியடிக்குப் போனார். ஓரத்துப் பவளமொன்று வெளுத்துச் செத்திருந்தது. மற்றவை அரைகுறையாக விரிந்திருந்தன. காலுறையைத் தூக்கி முகர்ந்தார்.

"மஞ்சளோ?" என்று மெல்லக் கேட்டார்.

சொன்னேன். உள்ளே சோமா அம்மா கிரிபத் என்கிற பாற்சோற்றுக்கு அரிசி வைத்துக்கொண்டே, தான் மஞ்சள் தண்ணீர் தெளித்ததால்தான் விட்டார்கள் என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவவுக்கு மூச்சும் விடாதையும்" என்றார் டீச்சர். "ஒவ்வொரு நாளும் வந்து அங்க பொலிஸ் வாசலில வாங்குப் பலகையில இருந்தவ. என்ர யன்னலால அந்தக் குடை தெரியும். அது தெரியிற மட்டும் என்னை ஒண்டும் செய்யமாட்டினம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தன்." காலுறையைத் திரும்பவும் தொட்டிக்குள் இறக்கினார். "எனக்கும் பயமாத்தான் இருந்தது, செல்வி. சரியான பயம்."

அதற்குப் பிறகு பல வருடங்கள் சென்றன. நான் மாற்றலாகிப் பண்டாரவளைக்கு வந்தேன். அந்தப் பயத்தின் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் போனபோது கைப்பையில் கரி கொண்டுபோனேன். டீச்சரின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். நன்றாக அழுதேன். பிறகு எழுந்துபோய்க் காலுறையைத் தொட்டியில் இறக்கினேன். பவளங்கள் சுருண்டு கிடந்தன. சோமா அம்மா பின்னாலேயே வந்து, "அது என்ன மகள்?" என்றார். "டீச்சர் சொல்லிவச்ச ஒரு சாங்கியங்கம்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தொட்டியையும் ஒருமுறை கும்பிட்டார்.

தகனம் முடிந்த மறுநாள் காலை பவளங்கள் விரல் நீட்டின. "பாத்தியா, மஞ்சள் தண்ணி" என்றார் சோமா அம்மா. "ஆமாங்கம்மா" என்றேன்.

தொட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. போத்தல்கள் இரண்டும் தனித்தனியே சொட்டுகின்றன. என் பயமும் என்னோடுதான் இருக்கிறது. மின்சாரம் நின்றால் இன்றும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். அதையும் ஒரேயடியாகத் திருத்தப் போகாமல் விட்டிருக்கிறேன். தொட்டியோடு சேர்த்து டீச்சர் எனக்கு விட்டுப்போனது மஞ்சள் தண்ணீர் என்ன செய்தது என்ற அந்த இரகசியத்தைத்தான். சோமா அம்மா தமிழ் பேசுவார், வாசிக்கமாட்டார். அந்தத் துணிவில்தான் எழுதுகிறேன். வாசித்த நீங்கள் யாராவது அந்தத் தெருவால் போனால், வாசலில் குடை சாத்தியிருக்கும் வீட்டில் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். மஞ்சள் தண்ணீர்க் கதையை அவர் கட்டாயம் சொல்லுவார். ஆமாம் என்று மட்டும் சொல்லுங்கள்.