செம்பூர் சாலையில் மட்டும் வலித்த முழங்கால்

பஞ்சாபகேசன் சைக்கிள் வாங்கியபோது அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அதற்குமுன் அவர் சைக்கிளைத் தொட்டதில்லை. தொடவேண்டும் என்று ஆசைப்பட்டதுமில்லை. 1964ஆம் வருஷம் அவருடைய பெயிண்ட் கம்பெனி, நகரத்தின் ஃபோர்ட் பகுதியில் இருந்த ஸ்டோர்ஸ் பிரிவைப் பெயர்த்தெடுத்துச் செம்பூர் தொழிற்சாலைக்குக் கொண்டுபோனது. ஸ்டோர்ஸில் இருந்த டப்பாக்களோடும் அலமாரிகளோடும் குமாஸ்தா பஞ்சாபகேசனும் போகவேண்டியதாயிற்று.

தொழிற்சாலையில் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். வீடு இருந்த மாதுங்காவிலிருந்து ரயிலில் குர்லா போய், வண்டி மாறி, செம்பூரில் இறங்கி இரண்டு மைல் நடந்தால் ஏழே காலுக்கு முன்னால் போய்ச்சேர முடியாது என்பதை முதல் மாதத்திலேயே கம்பெனி அவருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டது. கூடவே ஒரு யோசனையும் சொன்னது. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் திலக் நகரில் கம்பெனி சில வீடுகளை எடுத்திருக்கிறது, அதில் ஒன்றை அவருக்குத் தரலாம். வேண்டும் அல்லது வேண்டாம் என்று ஜூலை முப்பத்தொன்றுக்குள் பதில் எழுதவேண்டும்.

கடிதத்தை அவர் மனைவி விசாலாக்ஷியிடம் படித்துக்காட்டினார். அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை.

"அந்த வீட்ல ஜன்னலுக்கு எதிர்த்தாப்ல யார் இருக்கா?"

"யாரோ இருப்பா. எனக்கென்ன தெரியும்?"

"விஜயலக்ஷ்மி இருக்காளா?"

விஜயலக்ஷ்மி எதிர்க் கட்டடத்துக்காரி. இரண்டு சமையலறை ஜன்னல்களுக்கும் நடுவில் எட்டடி சந்து. பதினாறு வருஷமாக அந்த இரண்டு பெண்களும் கரண்டியைக் கீழே வைக்காமல் அந்தச் சந்தின் மேலாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். விசாலாக்ஷியின் குழந்தை தங்காமல் போன வருஷம், அவள் யாரோடும் பேசாமல் இருந்த நாலு மாதமும், எதிர் ஜன்னலில் விஜயலக்ஷ்மி மட்டும் தினமும் அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பதில் வராது என்று தெரிந்துதான் சொன்னாள். பஞ்சாபகேசனுக்கு அது ஞாபகம் இருந்தது.

"நீங்க எப்படி வேணாலும் ஆபீசுக்குப் போங்கோ. பறந்து வேணாலும் போங்கோ. நான் இந்த ஜன்னலை விட்டு வரமாட்டேன்" என்றாள்.

ஆகவே சைக்கிள்.

ஒரு வாரம் மைதானத்தில் விழுந்து எழுந்து ஓட்டக் கற்றுக்கொண்டார். இரண்டாவது வாரம் செம்பூருக்குக் கிளம்பினார். சங்கு ஊதுவதற்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போய்விட்டார். ஆனால் இறங்கும்போது உள்ளங்கைகள் மரத்திருந்தன, இடுப்பு பிடித்துக்கொண்டது, உட்காரும் இடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம், இரண்டு முழங்கால்களும் முன்பக்கம் ஆணி அடித்ததுபோல் வலித்தன.

தாராவியில் சயான் பக்கமாகப் போகும் வழியில் பூதத்தானின் சைக்கிள் கடை இருந்தது. பூதத்தான் திருநெல்வேலிக்குத் தெற்கே உள்ள ஊர்க்காரர். தெருச் சாக்கடைக்கு மேல் இரண்டு படி உயர்த்திக் கட்டிய சிமெண்ட் தளம்தான் கடை. எண்ணெயும் கிரீஸும் புழங்குகிற இடம் என்று சொன்னால் நம்பமுடியாது. தினமும் கழுவிவிடுவார். சுவரில் திருச்செந்தூர் முருகன் படம், முன்னால் அணையாத விளக்கு. படிக்குக் கீழே செருப்புகள் வரிசையாகக் கிடக்கும். பஞ்சாபகேசனும் குனிந்து, கம்பெனி கொடுத்த பூட்ஸின் கயிறுகளை அவிழ்த்து, அவற்றைக் கீழே விட்டுவிட்டு மேலே ஏறினார்.

அந்தப் பூட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. தொழிற்சாலை கேட்டுக்குள் நுழைகிற எவரும் பூட்ஸ் போட்டிருக்கவேண்டும் என்பது விதி. பேனாவைவிடக் கனமான எதையும் தூக்காத பஞ்சாபகேசனுக்கும் ஒரு ஜோடி கொடுத்தார்கள். லாரி டயரை வெட்டித் தைத்ததுபோல் அடிப்பாகம். விசாலாக்ஷி அதை ஒருமுறை பார்த்தாள். அன்றிலிருந்து அது மாடிப்படிக்குக் கீழே, வாட்ச்மேன் பய்யாவின் பெஞ்சுக்கு அடியில் குடியிருந்தது.

பஞ்சாபகேசன் பூதத்தானிடம் ஒரு காகிதத்தை நீட்டினார். ஸ்டோர்ஸ் பழக்கப்படி புகார்களை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதியிருந்தார்.

"என்ன சாமி, கோர்ட்டுக்கா கேஸ் கொண்டாந்திருக்கிய?" என்று பூதத்தான் சிரித்தார். "எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கதுக்குள்ள பொழுது அடைஞ்சிரும். ஏறி உக்காருங்க. எங்கன வலிக்குன்னு வாயால சொல்லுங்க."

பின்சக்கரம் தரையில் படாதபடி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, அவரை உட்காரவைத்து மிதிக்கச் சொன்னார். முன்னால் போய்ப் பார்த்தார், பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தார். சீட்டின் மூக்கு மேலே தூக்கியிருப்பதைச் சமமாக்கினார். கைப்பிடியை இரண்டு விரற்கடை உயர்த்தினார். பஞ்சாபகேசனின் வெறுங்காலைப் பிடித்து மிதிகட்டையில் வைத்து, கால் நீளும் அளவைப் பார்த்துச் சீட்டின் உயரத்தை நிறுத்தினார்.

"இப்பம் எப்படி?"

"சுகமா இருக்கு. வலியே இல்லை."

"அப்பம் போயிட்டு வாங்க."

கை மரப்பது நின்றது. இடுப்பும் இரண்டு நாளில் சரியாயிற்று. உட்காரும் இடம் தன் விதியை ஏற்றுக்கொண்டது. முழங்கால் மட்டும் கேட்கவில்லை. சயான் தாண்டியதும் ஆரம்பிக்கும், செம்பூரில் இறங்கும்போது படியேறமுடியாது. பூதத்தானிடம் திரும்பப் போனார். பூட்ஸைக் கழற்றி, மேலே ஏறி, மிதித்துப் பார்த்தார். வலிக்கவில்லை.

"பாத்தியளா? ஒண்ணும் இல்ல சாமி. புதுசுல அப்படித்தான் இருக்கும்."

இப்படி ஆறு தடவை போனார். ஆறு தடவையும் கடையில் வலிக்கவில்லை.

வீட்டிலும் அதே கதைதான். திருட்டுக்குப் பயந்து வண்டியை முதல் மாடி வராந்தாவுக்குத் தூக்கிக்கொண்டு போவார். அங்கே ஸ்டாண்டில் நிறுத்தி, சாயங்காலம் அரைமணி நேரம் மிதித்துப் பார்ப்பார். எங்கும் போகாமல் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும் அவரைக் கட்டடம் முழுக்க வந்து பார்த்தது. பக்கத்து வீட்டு வேங்கடசுப்ரமணியன் ரயில்வேயில் ரிட்டையரானவர், ஆயுளில் சைக்கிள் ஏறாதவர். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு விசாரணை நடத்தினார்.

"இப்போ வலிக்கறதா?"

"இல்லை."

"வேகமா மிதியும். இப்போ?"

"இல்லை, சார்."

"எவ்வளவு தூரம் போயிருப்பீர்?"

"ரெண்டு மைல் இருக்கும்."

வேங்கடசுப்ரமணியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இங்க பாரும். முழங்கால் அதே முழங்கால். சைக்கிள் அதே சைக்கிள். இங்க வலிக்கலை, அங்க வலிக்கறது. அப்போ மாறினது எது? ரோடு! சயானுக்கு அந்தண்டை ரோட்ல ஏதோ கோளாறு இருக்கு. தப்பு உம்ம பேர்ல இல்லை, முனிசிபாலிடி பேர்ல."

தர்க்கத்தில் பழுது சொல்லமுடியாது. வராந்தாவில் நின்றவர்களில் யாருக்கும், விசாரணைக்குள் வராத ஒரு பொருள் மாடிப்படிக்குக் கீழே பெஞ்சுக்கு அடியில் கிடக்கிறது என்பது தோன்றவில்லை. தோன்ற வழியில்லை. செருப்புக் கழற்றும் இடங்களில்தான் அவர்கள் யோசித்துப் பழகியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முனிசிபாலிடிக்கு ஒரு மனு தயாராயிற்று. சயானிலிருந்து செம்பூர்வரை உள்ள சாலை, கண்ணுக்குத் தெரியாத ஏற்றமொன்றைக் கொண்டிருப்பதாகவும், அது போகும்போதும் திரும்பிவரும்போதும் ஏற்றமாகவே இருப்பதாகவும், இதனால் ஒரு குடிமகனின் முழங்கால்கள் பாதிக்கப்படுவதாகவும் வேங்கடசுப்ரமணியன் எழுதினார். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். பஞ்சாபகேசனும் போட்டார். சாலை இரண்டு பக்கமும் எப்படி ஏறும் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஆனால் அவருடைய முழங்காலின் அனுபவம் மனுவோடு ஒத்துப்போயிற்று. அனுபவத்தைப் பொய் என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை.

ஜூலை இருபத்தெட்டாம் தேதி மாடிப்படியில் வண்டியைத் தூக்கமுடியாமல் பாதியில் உட்கார்ந்துவிட்டார். விசாலாக்ஷி கீழே இறங்கிவந்து வண்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்குப் பிடிக்காத கூட்டைப் பண்ணவில்லை. பரிமாறிவிட்டு, "முழங்காலைவிட ஜன்னல் பெரிசில்லை. அந்தக் கடுதாசிக்கு வரோம்னு எழுதிடுங்கோ" என்றாள்.

"இன்னும் மூணு நாள் இருக்கு."

"மூணு நாள்ல என்ன ரோடு மாறிடப் போறதா?"

சமையலறையில் அவள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. எதிர் ஜன்னலிலிருந்து ஏதோ கேள்வி வந்தது. விசாலாக்ஷி பதில் சொல்லவில்லை.

முப்பதாம் தேதி காலையில் பேய்மழை. சயானில் சாலை தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. கம்பெனிப் பூட்ஸ் அந்தத் தண்ணீரில் ஊறினால் விறைத்துப்போகும் என்ற பயத்தில் பஞ்சாபகேசன் அவற்றைக் கழற்றி, கயிறுகளைச் சேர்த்து முடிச்சுப் போட்டு, கைப்பிடியில் தொங்கவிட்டு வெறுங்காலோடு மிதித்தார். செம்பூர் வந்தது. தொழிற்சாலை கேட் வந்தது. இறங்கி நின்றார். குனிந்து நிமிர்ந்தார். வலி இல்லை.

மழைதான் காரணம் என்று முதலில் நினைத்தார். சாலையின் ஏற்றத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மத்தியானம் மழை விட்டது. திரும்பும்போது பூட்ஸைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒரு மைலில் முழங்கால் முனகியது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கால்களைப் பார்த்தார். பூட்ஸைக் கழற்றி அரை மைல் ஓட்டினார். மறுபடி போட்டுக்கொண்டு அரை மைல். மறுபடி கழற்றினார். ரோட்டோரத்தில் ஒரு மனிதர் அடிக்கடி உட்கார்ந்து பூட்ஸ் மாட்டுவதையும் கழற்றுவதையும் பார்த்த ஒரு போலீஸ்காரர், "க்யா ஹுவா, சேட்?" என்று, என்ன ஆயிற்றென விசாரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"குச் நஹீ," என்றார் பஞ்சாபகேசன். "மில் கயா."

எது கிடைத்தது என்று போலீஸ்காரர் கேட்கவில்லை.

பூதத்தானின் கடைப் படிக்குக் கீழே நின்று, இந்த முறை பூட்ஸைக் கழற்றாமல் கூப்பிட்டார். "பூதத்தான்! நான் மேல வரமாட்டேன். நீர் கீழே வாரும்."

"ஏன் சாமி, கோவமா?"

"இதை அளந்து பாரும்." ஒரு காலைத் தூக்கிக் காட்டினார்.

பூதத்தான் படியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூட்ஸின் அடியைப் பார்த்தார், கடைக்குள் இருந்த ஸ்டாண்டைப் பார்த்தார், படிக்குக் கீழே கிடந்த செருப்புகளைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அட சண்டாளா! இத்தன தடவ வந்தியளே, ஒருக்காலாவது இதப் போட்டுக்கிட்டு ஏறியிருக்கக் கூடாதா?"

"முருகன் படம் இருக்கே, ஓய்!"

"அதுஞ் சரிதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நானும் ஏற விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ஒரு நூலை எடுத்து அடியின் கனத்தை அளந்தார். ஒன்றேகால் அங்குலம். வெறுங்காலுக்கு அளவெடுத்த சீட்டு பூட்ஸ் காலுக்கு அவ்வளவு தாழ்வு, ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் அந்த அளவு கூடுதலாக மடங்கியிருக்கிறது. நூலில் முடிச்சுப் போட்டுக்கொண்டு கடைக்குள் போய், சீட்டை அதே அளவு உயர்த்தி இறுக்கினார். இரண்டு நிமிஷ வேலை. இரண்டு மாத வலிக்கு இது போதாது என்பதுபோல் பூதத்தான் இன்னும் ஏதாவது செய்வார் என்று பஞ்சாபகேசன் காத்திருந்தார். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வலியில்லாமல் வந்தார். விஷயத்தைச் சொன்னார். விசாலாக்ஷிக்குக் கண்ணால் பார்க்கவேண்டும். வராந்தாவில் வண்டியை நிறுத்தி, வழக்கம்போல் வெறுங்காலோடு ஏறினார். ஒன்றேகால் அங்குலம் குறைந்த கால் மிதிகட்டையின் அடிவரை எட்டவில்லை. எட்டிப்பிடிக்கப் போய் ஒருபக்கம் சாய்ந்து, வேங்கடசுப்ரமணியனின் நாற்காலியில் வேங்கடசுப்ரமணியன் மேலேயே விழுந்தார்.

"நேத்துவரைக்கும் இங்கேயாவது சரியா இருந்தது. இப்போ இங்கேயும் கெட்டுப்போச்சு!" என்று அவர் அடியிலிருந்து தீர்ப்புச் சொன்னார்.

"பூட்ஸ் போட்டா சரியாயிடும், சார்."

"அப்போ போட்டுண்டு ஏறிக் காட்டும்."

எல்லோரும் விசாலாக்ஷியைப் பார்த்தார்கள். பூட்ஸ் மாடிக்கு வருவது நடக்காத காரியம். அவள் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். "அது மேல வராது. நான் கீழ வரேன்" என்றாள்.

மறுநாள் ஜூலை முப்பத்தொன்று. காலை ஆறு மணிக்கு விசாலாக்ஷி தெருமுனையில் வந்து நின்றாள். எதிர்க் கட்டடத்திலிருந்து விஜயலக்ஷ்மியும் இறங்கி வந்திருந்தாள். பதினாறு வருஷத்தில் அந்த இரண்டு பெண்களும் சந்தின் குறுக்கே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றது குறைவு. என்ன பேசுவது என்று தெரியாமல் சும்மா நின்றார்கள்.

பஞ்சாபகேசன் பெஞ்சுக்கு அடியிலிருந்து பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு ஏறினார். தெருமுனையில் இருந்த தோட்டத்தைச் சுற்றி மூன்று சுற்று வந்தார். மூன்றாவது சுற்றில் விசாலாக்ஷி கையைக் காட்டி நிறுத்தினாள். முகத்தைப் பார்க்காமல் முழங்காலையே பார்த்துக் கேட்டாள்.

"இருக்கா?"

"இருக்கறதே தெரியலை."

"நிஜமாவா? எனக்காகச் சொல்லலையே?"

அவர் இறங்கி, அந்த நடுத்தெருவில், கனத்த பூட்ஸோடு உட்கார்ந்து எழுந்தார். ஒருமுறை இல்லை, ஐந்து முறை. பால்காரர் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்த்தார். விஜயலக்ஷ்மி சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"சரி, போங்கோ. சங்கு ஊதிடப் போறது" என்றாள் விசாலாக்ஷி. அவர் பத்தடி போனபின் பின்னாலிருந்து கத்தினாள்: "அந்தக் கடுதாசில வேண்டாம்னு கொட்டை எழுத்துல எழுதுங்கோ!"

அப்படியே எழுதிக் கொடுத்தார். பிறகு பதினோரு வருஷம் அந்தச் சைக்கிளில் செம்பூருக்குப் போய்வந்தார். நன்றாக ஓட்டினார் என்று சொல்வதற்கில்லை. திருப்பங்களில் கடைசிவரை இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனார். வலியில்லாமல் ஓட்டினார்.

முனிசிபாலிடியிலிருந்து மனுவுக்குப் பதில் மூன்றாவது வருஷம் வந்தது. சாலை அளக்கப்பட்டது, ஏற்றம் எதுவும் காணப்படவில்லை, ஆயினும் விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். வேங்கடசுப்ரமணியன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வராந்தாவில் மாட்டினார். பஞ்சாபகேசன் தினமும் அதற்குக் கீழேதான் சைக்கிளை நிறுத்தினார்.