திரேசக்காவின் தகரங்கள், லொறி வருவதற்கு முன்

பெப்ரவரி 18, செவ்வாய், காலை 7.10. தகரம் பதினாறு.

திரேசக்கா போய்விட்டார். நேற்றுப் பின்னேரம் நெஞ்சுவலி என்றிருக்கிறார். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே...

இன்று காலை நான் போய்ச் சேர்ந்தபோது அவருடைய கொட்டிலைக் காணவில்லை. தகரங்களைக் கழற்றிக் கிணற்றடியில் அடுக்கியிருந்தார்கள். ஆளை இன்னும் புதைக்கவில்லை, அதற்குள் அவ்வளவு அவசரம்.

தெரியாதவர்களுக்கு: சிலாவத்துறைக்குத் தெற்கே றோட்டோரம் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். சண்டை முடிந்து ஊர் திரும்பியபோது போட்ட தற்காலிகக் கொட்டில்தான் அவருக்குக் கடை, படுக்கை எல்லாம்.

பின்னால் வீட்டுத்திட்டத்தில் கட்டிய கல்வீடு இருக்கிறது. அந்தத் திட்டத்துக்குத் தொழில்நுட்ப உத்தியோகத்தராகப் போனவன் நான். போன முதல் நாளே டேப்பைக் கொட்டிலில்தான் பிடித்தேன்.

"என்ன தம்பி, கல்வீடு பின்னாலை கிடக்குது. நீங்கள் இதை அளக்கிறியள்?"

"கல்வீட்டிலை ஏன் அக்கா இருக்கிறேல்லை?"

"அதிலை என்ரை தம்பியின்ரை வலை இருக்குது. வலை வெயில் படாமல் இருக்கோணுமாம். நான் பட்டால் பரவாயில்லை."

பிறகு கூரையைப் பார்த்தேன். ஒவ்வொரு தகரத்திலும் மூன்று நான்கு வரிசை ஆணி ஓட்டை. ஒரே வீட்டுக்கு அடித்தால் ஒரு வரிசைதான் வரும். பழைய ஓட்டைகளில் தார் தோய்த்த சீலைத்துண்டு அடைத்திருந்தது.

அவருடைய கலியாணத்துக்குக் கட்டிய வீட்டின் தகரம் அது. இடம்பெயரும் ஒவ்வொரு முறையும் கழற்றி, டிராக்டரில் ஏற்றி, போன இடத்தில் புதுமரத்தில் அடித்திருக்கிறார்கள். ஒரு இடத்துக்கு ஒரு வரிசை.

ஓட்டைகளுக்கு இடம்பெயர்ந்து இருந்த ஊர்களின் பெயர்தான்; மழை பெய்தால் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார். "தள்ளியிருங்கோ தம்பி, மடு ஒழுகுது." கொஞ்ச நேரத்தில், "சனியன், இப்ப இலுப்பைக்கடவையும் தொடங்கீற்றுது!" என்று அடுத்த சட்டி.

நான் டிராயிங் கீறினேன். ஒவ்வொரு தகரத்துக்கும் இலக்கம் போட்டு, எந்த வரிசை எந்த ஊர் என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்து, நகரத்து மரபுரிமைக் குழு ஒன்றுக்கு அனுப்பினேன். யுத்தத்துக்குப் பிந்திய வீடுகளில் பாதுகாக்க வேண்டியது இது என்று எழுதினேன். மடையன்.

வான் பிடித்து வந்தார்கள். குழுவின் தலைவர் முதலில் கொட்டிலின் முன்னால் திரேசக்காவோடு நின்று ஃபோட்டோ எடுப்பித்தார். எடுத்தது நான்தான். பிறகு கூரையை ஒருதரம் அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, மரபுரிமை எண்டால் நூறு வருசமாவது இருக்கோணும். இது சும்மா தகரக் கொட்டில்தானே."

"அப்ப நூறு ஆனாப்பிறகு வாங்கோ ஐயா. தேத்தண்ணி ஆறாமல் வைச்சிருக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர்தான் எல்லோரையும்விட அதிகம் சிரித்தார், தனக்குத்தான் சொன்னது என்று விளங்காமல்.

ஒல்லாந்தன் கட்டிய சுவர் என்றால் இவர்கள் தடவித் தடவி அழுவார்கள். அது என்ன சுவர் என்று சொல்லப் பக்கத்தில் ஒரு பலகை வேண்டும். இந்தக் கூரைக்குப் பலகை தேவையில்லை. அண்ணாந்து பார்க்கத் தெரிந்தால் போதும்... அதுதான் இவர்களுக்குத் தெரியாதே.

நேற்றிரவு அதே ஃபோட்டோவைத் தலைவர் போஸ்ட் பண்ணியிருக்கிறார். "எளிமையின் இலக்கணம். மண்ணின் மகள்." கீழே வரிசையாகக் கண்ணீர் முகங்கள். வாழ்க.

சரி, அவர் வெளியாள். கூடப் பிறந்தவர் என்ன செய்தார்? திரேசக்காவின் தம்பி அல்பேட் அண்ணையிடம்தான் காலையில் கேட்டேன். விடிய முன்னமே ஆள் பிடித்துக் கழற்றுவித்தவர் அவர்.

"சுவாமி வருவார், பெரிய ஆக்கள் வருவினம். முன்னுக்கு உந்தக் கறள் தகரத்தை வைச்சுக்கொண்டு எப்பிடி ஐசே செத்தவீடு செய்யிறது?"

"அக்கா அதுக்குள்ளைதானே இருந்தவ?"

"இருந்தவதான். அதை ஊருக்குக் காட்டோணுமோ?"

கல்வீட்டு விறாந்தையைப் பார்த்தேன். வலையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, அக்கா ஒரு நாளும் படுக்காத ஹோலில் அவரைக் கிடத்தியிருக்கிறார்கள். பெட்டியைச் சுற்றி வாடகைக் கதிரைகள், வெள்ளை உறை போட்டு.

தகரத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்றேன். பழைய இரும்பு லொறிக்குச் சொல்லியாயிற்றாம், மூன்று மணிக்கு வருமாம்.

"எனக்குத் தாங்கோ."

"உமக்கென்ன விசரே? அள்ளுறதெண்டால் லொறி வாறதுக்கு முதல் அள்ளும். பிறகு என்னோடை கதைக்க வராதையும்."

அவ்வளவுதான். செத்தவீட்டில் கத்தக்கூடாது என்பதால் வெளியே வந்து, மதிலில் இருந்து இதை எழுதுகிறேன்.

இனி:

1. தகரங்களில் சோக்கட்டியால் இலக்கம் போடுவது. டிராயிங் ஃபோனில் இருக்கிறது.

2. இரண்டு மணிக்குக் கூட்டாளி ஒருவனின் டிராக்டர் வருகிறது. கொட்டிலைத் தாங்கிய சவுக்கு மரங்களையும் சேர்த்து ஏற்றுவது.

3. எங்கள் வளவில் இறக்குவது. அம்மா கத்துவா. கத்தட்டும்.

4. தலைவரின் போஸ்டுக்குக் கீழே தகரம் அடுக்கிக் கிடக்கும் படத்தைப் போடுவது. ஒரு சொல்லும் எழுதுவதில்லை.

5. நாலரைக்குச் சேமக்காலையில் அடக்கம். பேசுவதற்கு அங்கே ஆட்கள் தாராளம். நான் ஒரு பிடி மண் போட்டுவிட்டு வருவேன். போயிட்டு வாங்கோ, அக்கா.