தறிக்கூடத்து இங்கிலீஷ்

என் அத்தை, அப்பாவின் தங்கை, பி.காம் படித்தவள். ஆனால் பெயருக்குப் பின்னால் பி.காம் என்று போட்டுக்கொள்ள முடியாதவள். கணக்குப் பாடமெல்லாம் ஒரே மூச்சில் பாஸாகிவிட்டாள். இரண்டாம் வருஷத்து இங்கிலீஷ் பேப்பர் ஒன்று மட்டும் மூன்று தடவை எழுதியும் வரவில்லை. சொல்லுக்குப் பொருள் எழுதும் பகுதியில் பாதி போய்விடும். ஒரு பத்தியைக் கொடுத்து வாசித்துக் கேள்விக்குப் பதில் எழுதச் சொல்லும் பகுதியில் மீதி போய்விடும்.

நான்காவது தடவை எழுதும்போது நான் ஐந்தாம் வகுப்பு. அவளோடு படித்த ஒருத்தி கோயம்புத்தூரில் ஒரு மில் ஆபீசில் இருந்தாள். அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது, டிகிரி சர்டிபிகேட்டோடு வந்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லியிருந்தாள். அப்பாவும் ஒன்று சொல்லியிருந்தார்.

“இந்தத் தடவை பாரு. இல்லன்னா பொஸ்தகத்த மூடி வச்சிட்டு ரெண்டு தறியையும் நீயே பாத்துக்கோ.”

அந்த இரண்டு தறியும் முதலாளியின் கூடத்தில் அம்மா ஓட்டிக்கொண்டிருந்தவை. தம்பி பிறந்ததும் அம்மா வீட்டில் இருந்துகொள்ள, அத்தை அவற்றை ஓட்டப் போனாள். இப்போதைக்கு என்று அப்பா சொன்ன அந்த ஏற்பாட்டுக்கு இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் நடந்து போனாலே விசைத்தறிச் சத்தம் காதை அடைக்கும். உள்ளே இருபது தறி ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவள் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாவற்றுக்கும் கை உண்டு. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். கைக்குள் அடங்காத பேச்சை உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வார்கள். வீட்டில் அம்மா அடுப்படியில் சத்தமில்லாமல் முணுமுணுத்தால், அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார். பார்த்துவிட்டால் பதில் சொல்ல வேண்டிவரும்.

தறியை நிறுத்தக்கூடாது. வீட்டுக்கு வந்தால் தம்பி அழுவான். ஆகவே அத்தை தறியில் நின்றபடியே படிக்க ஆரம்பித்தாள். எண்ணெய்க் கையால் புத்தகத்தைத் தொட முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போய்த் தறியின் மறுபக்கம் நிற்பேன். யாரோ படித்து முடித்துக் கொடுத்த பழைய கைடு ஒன்று இருந்தது. அதைப் பார்த்து ஒரு சொல்லைச் சிலேட்டில் எழுதி உயர்த்திக் காட்டுவேன். எனக்கு அதை வாசிக்கத் தெரியாது. வடிவம் பார்த்து எழுதுவேன். அத்தை பொருளைக் கையில் காட்டுவாள்.

தறிக்கூடத்துக் கைகளையே அவள் எடுத்துக்கொண்டாள். ஸ்கேர்ஸ் என்றால் கிடைப்பதற்கு அரிது. அதற்கு நூல் தீர்ந்துபோன தார்க்குச்சியைத் தலைகீழாகப் பிடிப்பதுபோல இரண்டு விரல். டெம்பரரி என்றால் இப்போதைக்கு. அதற்கு, அறுந்த இழையை அவசரத்துக்கு முறுக்கி ஒட்டும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும். திமிர் பிடித்தவனுக்கு அரகன்ட் என்று பெயர். அதற்கு மீசை ஏற்கெனவே இருந்தது. மனமில்லாமல் செய்வது ரிலக்டன்ட். அதற்குக் கையை முன்னால் நீட்டித் தோளைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அது நான் கண்டுபிடித்தது. காலையில் பள்ளிக்கூடம் போகும் என்னைப் பார்த்து நானே எடுத்தது. ரிலீஃப் என்றால் ஆறுதல். அதற்கு, தறியின் கைப்பிடியை இழுத்து நிறுத்திவிட்டு இரண்டு காதையும் விரலால் திறந்துவிடுவது.

எதிர்த் தறி அக்கா ஒருநாள் டீ நேரத்தில் வந்தாள்.

“ஏட்டி, எனக்கும் ஒரு இங்கிலீசு குடேன். எங்க வீட்டுக்காரனத் திட்டணும். திட்டுனது அவனுக்குத் தெரியக்கூடாது.”

அத்தை, தறியில் குறுக்கே நூலோடு ஓடும் நாடா காலியானதும் அதைத் தூக்கி எறிவதுபோல ஒரு கை கொடுத்தாள். யூஸ்லெஸ். அந்த வாரம் முழுக்க அக்கா சோறு போடும்போதெல்லாம் புருஷனுக்கு அதைக் காட்டினாளாம். அவர் ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்து விசிறி வாங்கி வந்தார்.

பத்தி வாசிப்பதற்குச் சிலேட்டு உதவாது. அதை டீ நேரத்தில் வாசித்தாள். முதலில் எல்லோரையும்போல மேலிருந்து கீழே வாசித்து நடுவில் மூழ்கிப்போவாள். பிறகு, தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த இழையைத் தேடுவதுபோலத் தேட ஆரம்பித்தாள். கேள்வியை முதலில் பார்ப்பது, அதில் உள்ள ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பத்தியின் மேல் விரலை ஓட்டுவது, அகப்பட்ட இடத்தில் நிற்பது. “முழுசும் புரியாண்டாம்ட்டி. அறுந்த எடம் தெரிஞ்சாப் போதும்” என்றாள்.

இதற்குள் எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. அவள் பாஸாகிவிட்டால் கோயம்புத்தூர் போய்விடுவாள். அம்மாவுக்குத் தம்பி இருந்தான், அப்பாவுக்குத் தறி இருந்தது. எனக்கு அத்தைதான் இருந்தாள்.

பரீட்சை அன்று மத்தியானம்தான் பேப்பர். பள்ளிக்கூடத்துக்கு லீவு என்பதால், பஸ்ஸில் கேள்வி கேட்க என்னையும் கூட்டிக்கொண்டாள். போகும் வழியில் கோமதி அம்மன் சன்னதிக்குப் போனோம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள், இந்தப் பக்கம் நான். கண்ணை மூடிக்கொண்டு, அத்தை ஃபெயிலாகணும், ஃபெயிலாகி இங்கேயே இருக்கணும் என்று வேண்டினேன். சத்தமில்லாமல்தான். மூன்று தடவை சொன்னேன், அம்மனுக்கு ஒன்றாவது கேட்கட்டும் என்று. கண்ணைத் திறந்தபோது அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வந்து என் நெற்றியில் பிரசாதப் புற்றுமண்ணைப் பூசிவிட்டாள். கொஞ்சம் அழுத்தமாகவே பூசினாள்.

காலேஜ் ஊருக்கு வெளியே இருந்தது. அத்தை உள்ளே போக, நான் மோட்டார் பைக்குகள் நிற்கும் தகரக் கொட்டகை நிழலில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆபீசில் வேலை பார்ப்பவர் ஒருவர் வேகமாக வந்தார்.

“தறிக்காரப் பிள்ளைகூட வந்தது நீதானா? வா, உள்ள கூப்புடுதாங்க. உங்க அத்தையப் புடிச்சு வச்சிருக்கு. ‘வெளிய எங்க அண்ணன் மக நிக்கா, அவகிட்ட கேளுங்க, அவ சரியாச் சொல்லுவா’ன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கா.”

உள்ளே ஒரு மேஜைக்குப் பின்னால் மேடம் ஒருவர் இருந்தார். பக்கத்தில் கண்ணாடி போட்ட சார். மேஜைமேல் அத்தையின் பேப்பர். அத்தை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது.

“மேடம், நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்” என்றார் சார். “வெரலத் தலைகீழாக் காட்டுதா, தோளக் குலுக்குதா, காதத் தொடுதா. பக்கத்து வரிசைப் பிள்ளைக்கு விடையச் சொல்லாம வேற என்ன?”

“அந்தப் பிள்ள ஒண்ணும் தெரியலன்னு அழுதுட்டுப் போயிட்டே சார்” என்றார் மேடம். “காப்பின்னு எழுதிட்டா இவளுக்கு இதோட முடிஞ்சிரும். ஒருதரம் கேட்டுப் பாப்போம். பாப்பா, இங்கன வா. அத்தை தறியில படிச்சேன்னு சொல்லுதா. நான் எழுதிக் காட்டுதேன். வாயத் திறக்காத. கையில காட்டு.”

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. அம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள். நான் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றால் போதும், அத்தை எங்கும் போகமாட்டாள். மேடம் ஒரு சொல்லை எழுதிக் காட்டினார். எனக்கு நன்றாகத் தெரிந்த வடிவம். நான் சும்மா நின்றேன். மின்விசிறிக் காற்றில் அத்தையின் பேப்பர் படபடத்தது. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள் மூக்கை உறிஞ்சினாள். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. வேண்டியதைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை.

“தெரியலையா பாப்பா?”

இரண்டு விரலைத் தலைகீழாகப் பிடித்தேன். மேடம் சாரைப் பார்த்தார். அடுத்த சொல். முறுக்கி ஒட்டினேன். அதற்குப் பிறகு என் கை நிற்கவில்லை. கேட்காததையெல்லாம் காட்டினேன். தோளை இழுத்தேன், மீசையை முறுக்கினேன், நாடாவைத் தூக்கி எறிந்தேன். மேடம் “போதும், போதும்” என்று சிரித்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றை எழுதினார்.

நான் விழித்தேன். அந்த வடிவத்தை நான் பார்த்ததே இல்லை. தப்பாகக் காட்டினால் அத்தை மாட்டிக்கொள்வாள், காட்டாவிட்டாலும் மாட்டிக்கொள்வாள் என்று பயம் வந்தது. கடைசியில் வாயைத் திறந்துவிட்டேன்.

“இது எங்க தறியில கெடையாது. கைடுல ஒரு தாள் கிழிஞ்சிபோச்சு.”

மேடம் அத்தையின் பேப்பரைத் திருப்பி, விரலை வைத்துத் தேடினார். பிறகு அதைச் சார் பக்கம் தள்ளினார். பத்துச் சொல்லில் அந்த ஒன்றுக்கு மட்டும் அத்தை ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாள்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியாததும் ஒண்ணாவே இருக்கே” என்றார்.

“எந்திரிம்மா” என்றார் மேடம். “போன நேரத்தச் சேத்துக் குடுத்திருங்க சார். நீ கைய ஆட்டணும்னா டெஸ்க்குக்குக் கீழ ஆட்டிக்கோ. இவருக்கு நெஞ்சு படபடங்குது.”

அந்தச் சொல் ஃப்ரூகல். சிக்கனம் என்று பொருளாம். எங்கள் வீட்டில் அது நிறைய இருந்தது, பெயர்தான் தெரியாமல் போயிற்று.

பத்தியை அத்தை இன்னும் தொடவே இல்லை. நான் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். வலது கை விரல் வரிவரியாக ஓடியது, நின்றது, ஓடியது. நிற்கும்போதெல்லாம் எழுதினாள்.

வெளியே வந்ததும் தூரத்திலிருந்தே தறியை இழுத்து நிறுத்திக் காதைத் திறந்து காட்டினாள். நானும் காட்டினேன். என்னுடையது வேறு கணக்கு. வேண்டியது நடக்காமல் போனதும், அது யாருக்கும் தெரியாமல் போனதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. பஸ்ஸில் அவள் மடியில் தூங்கிவிட்டேன்.

தேவையானதற்கு இரண்டு மார்க் மேலே வாங்கி அத்தை பாஸானாள். கோயம்புத்தூர் போனாள், இன்னும் அங்கேதான் இருக்கிறாள். முதலாளி தறிகளை விற்றுவிட்ட வருஷம் நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றேன். திருப்பூரில் இரண்டு வருஷம், எர்ணாகுளத்தில் ஓட்டலில் கொஞ்ச நாள், பிறகு வடக்கே இச்சல்கரஞ்சியில் தறி. எங்கேயும் ரொம்ப நாள் இருக்க என்னால் முடியாது. பாஷை தெரியாத ஊர்களில் அத்தையின் கைகள் எனக்குச் சோறு வாங்கித் தந்திருக்கின்றன.

இச்சல்கரஞ்சியில் மூன்றாவது மாதம். ஒருநாள் சாயங்காலம் நான்கு தறி தள்ளி நின்ற ஒருத்தி, எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைதான், சாமி படத்தைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்து ஏதோ வேண்டிக்கொண்டாள். மகனுக்குக் காய்ச்சல் விடணும் என்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. காதில் தறிச் சத்தத்தைத் தவிர எதுவும் விழவில்லை. எப்படித் தெரிந்தது என்று யோசித்த பிறகுதான் எனக்குக் கோமதி அம்மன் சன்னதி ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் இரண்டு வருஷம் தறி ஓட்டிய அத்தை. இந்தப் பக்கம் நான், ஒன்றுக்கு மூன்று தடவையாக.

அப்படி என் உதட்டைப் பார்த்தவள்தான், அன்று அந்த அறையில் சாட்சி உண்டா என்று கேட்டதும், வெளியே நிற்கும் அண்ணன் மகளைக் கேளுங்கள், அவள் சரியாகச் சொல்லுவாள் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள்.