மீசையும் மாஸ்க்கும்

நீர்மூழ்கும் வகுப்பில் எனக்கு வந்த பிரச்சினை மூச்சு அல்ல, மீசை. மாஸ்க்கின் ரப்பர் விளிம்பு மீசைமேல் ஒட்டாது, தண்ணீர் கசியும், வழித்துவிடுங்கள் என்று பயிற்சியாளர் முதல் நாளே சொல்லிவிட்டார். எங்கள் வழக்கத்தில் தகப்பன் செத்தால்தான் மீசையை வழிப்பார்கள். என் அப்பா மோர்னிங்சைடில் தன் வீட்டில் உயிரோடு இருக்கிறார். இதையெல்லாம் அந்த வெள்ளைக்காரருக்கு விளங்கப்படுத்த எனக்குப் பொறுமை இல்லை. மீசையில் வாசலின் களிம்பை அப்பிக்கொண்டு சமாளித்தேன்.

கூடப் படித்தது என் மகள். வயது இருபது. தண்ணீருக்குள் ஒருவருக்கு ஒருவர் காவல் என்று எங்களைச் சோடி சேர்த்திருந்தார்கள்.

கடைசிப் பரீட்சை ஒஷாவா நகரத்துக்கு வடக்கே ஒரு ஏரியில். ஆகஸ்ட் வெயிலில் தண்ணீர் இளஞ்சூடாக இருந்தது. இருபத்தைந்து அடி ஆழத்தில், செம்மஞ்சள் வயிறும் நீலக் கோடுகளுமாக மீன்கள் எங்களைச் சுற்றி வந்தன. ஒன்று என் கண்ணுக்கு நேரே நின்று முறைத்துப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் மீசைப் பக்கம் மாஸ்க் விலகிக்கொண்டது.

மூக்குக்குள் தண்ணீர். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. வாயில் காற்றுக் குழாய் இருந்தும், படித்ததெல்லாம் பறந்துபோக, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாயப் பார்த்தேன். அந்த ஆழத்திலிருந்து அப்படி எழும்பினால் நுரையீரல் வெடித்துவிடும். மகள் என் தோள்பட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். உதைத்தேன். அவள் விடவில்லை. நெஞ்சில் தட்டித் தட்டி என்னை மூச்சு விடவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுவந்து சேர்த்தாள்.

கரைக்கு வந்ததும் மகள் தன் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அப்பப்பா இருக்கிறார் எண்டு மீசையை வச்சிருக்கிறியள். எனக்கு அப்பா இருக்க வேண்டாமோ?"

மத்தியானம் இன்னொரு தடவை இறங்கலாம், ஆனால் மீசையோடு விடமாட்டேன் என்றார் பயிற்சியாளர். ஏரிக்கரைக் கழிவறையில் மகளின் றேசரை வாங்கி வழித்தேன். இந்தமுறை ஒரு சொட்டும் கசியவில்லை. மீன்களும் வந்தன. எனக்குத்தான் பார்க்க மனம் இல்லை. அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே யோசனையாக இருந்தது.

வேறு யாரும் சொல்லி அவர் அறிவதைவிட நானே போய் நிற்பது மேல் என்று, திரும்பும் வழியில் மோர்னிங்சைடுக்குக் காரை விட்டேன். கதவைத் திறந்த அப்பா என் முகத்தைப் பார்த்ததும் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டார்.

"ஆர், மோனை, செத்தது?"

"ஒருத்தரும் இல்லை அப்பா. நான்தான் சாகப் பாத்தனான்."

அவர் கையை நீட்டி என் மேலுதட்டைத் தடவிப் பார்த்தார்.

"உது முளைக்கும். உள்ளுக்கு வா."