சாய்ந்தமருது விதித்த நிபந்தனை

புதன், முற்பகல் 11.40. சாய்ந்தமருதில் இறங்கினேன். கண்டியில் ஏறியது 5.10 பஸ். சம்மாந்துறையில் நெல் மூட்டை ஏற்றிய உழவு இயந்திரங்கள் வீதியை அடைத்ததில் பதினெட்டு நிமிடம் தாமதம். கல்முனை இங்கிருந்து வடக்கே மூன்று கிலோமீற்றர்.

என்னை வரவழைத்தவர் நஸீறா, என் மனைவியின் பல்கலைக்கழகத் தோழி. ஸ்பெயினில் ஏழு வருடம் இருந்து திரும்பியவர். ஆண் பெண் சமத்துவத்தைப் பாடப்பொருளாக வைத்து ஸ்பானிய மொழி கற்பிக்கும் பாடநெறி ஒன்றை வடிவமைத்து நடத்துகிறார். அன்று பின்னேரம் கூட்டம். குறிப்பெழுத வெளியூர் ஆள் ஒருவர் வேண்டும் என்றிருந்தார்.

நஸீறாவின் வீடு கடற்கரைப் பக்கம் 1.2 கிலோமீற்றர், ஓட்டோவுக்கு 150 ரூபா. ஓட்டியவர் ரிஸ்வான். அவர் மனைவி ஸில்மியாவும் நஸீறாவின் வகுப்பில்தான் படிக்கிறாராம். "காலையில ஸ்பானியத்துல ‘ஓலா’ எண்டுதான் தேத்தண்ணி தாறா, நானா. சீனி மட்டும் பழைய அளவுதான்," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னார்.

12.15. நஸீறாவின் சாப்பாட்டு மேசையில் பாடத்திட்டத்தின் நான்காவது பிரதி இருந்தது. பத்து வாரம் இங்கே வகுப்பு, அது முடியப் போகிறது. பிறகு இங்குள்ள பன்னிரண்டு பெண்கள் ஸ்பெயினில் நான்கு வாரம் தங்கிப் படிப்பார்கள். அங்குள்ள கல்லூரியிலிருந்து பன்னிரண்டு மாணவிகள் இங்கே வந்து நான்கு வாரம் தங்குவார்கள். அக்கல்லூரி அனுப்பிய முதல் வரைவில், இந்த ஊர்ப் பெண்களுக்குச் சொத்தே கிடையாது என்று ஒரு பாடம். நஸீறா அதைச் சிவப்பு மையால் குறுக்கே அடித்திருந்தார். இக்கரையோரம் முழுக்க வீடு மகள் பெயரில்தான் எழுதப்படுகிறது. மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேருகிறார்.

திங்களன்று இன்னொரு கடிதம். போகும் ஒவ்வொரு பெண்ணும் தகப்பன் அல்லது கணவன் ஒப்பமிட்ட சம்மதப் படிவம் தர வேண்டும். உங்கள் பண்பாட்டுக்கு மதிப்பளித்தே கேட்கிறோம் என்றிருந்தது. படிவம் இல்லையேல் பயணம் இல்லை. பதில் இன்று மாலைக்குள் போக வேண்டும்.

"சமத்துவம் படிப்பிக்கிறவங்க வாப்பாட கையெழுத்துக் கேக்கிறாங்க," என்றார் நஸீறா. சிரிக்கவில்லை.

4.20. பெண்கள் பன்னிரண்டு பேரும் ஏற்கெனவே மேசையைச் சுற்றி இருந்தார்கள்; அஸர் தொழுகை முடிந்து அவர்களின் தகப்பன்மாரும் கணவன்மாரும் வந்தார்கள். ஒன்பது பேர். பலரின் சட்டைப் பையில் பேனா இருந்தது. பயணத்துக்கு எவரும் தடை சொல்லவில்லை என்பதை இங்கே பதிய வேண்டும். ஒப்பமிடக் கேட்டது அவர்களுக்குப் பிடித்துப் போயிருந்தது. வெளிநாட்டுக்காரனே மரியாதை தரும்போது நஸீறா ஏன் தட்டிவிடுகிறார் என்று ஒரு தகப்பனார் கேட்டார். ஒரு நிமிட வேலைதானே என்று படிவத்தைத் தன் பக்கம் இழுத்தார் ரிஸ்வான்.

ஸில்மியா அதன்மேல் கையை வைத்தார். "இஞ்ச பாருங்க. கலியாணத்தண்டு நீங்க உங்கட உம்மாட ஊட்டுலரிந்து என்ட ஊட்டுக்கு வந்தீங்க. அண்டைக்கு நான் ஆரிட கையெழுத்துக் கேட்டன்?"

சிரிப்பு எழுந்தது. ரிஸ்வானும் சிரித்தார், ஆனால் பேனாவை மூடவில்லை. "அப்ப ஊடு உனக்கு இரிக்கிதானே. இன்னும் என்ன வேணும்?"

"ஊட்ட உட்டு வெளியில போக வேணும்."

பயணமே இல்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று அந்தத் தகப்பனார் தணிந்த குரலில் கேட்டார். நஸீறா படிவங்களை மேசை நடுவே வைத்து, விரும்பியவர் எடுக்கலாம் என்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் போனது. பன்னிரண்டு பெண்களில் ஒருத்தியும் கை நீட்டவில்லை.

5.35. அவர்கள் சேர்ந்து எழுதிய ஸ்பானியக் கடிதம் போனது. மூன்று வரி. இந்த விதியை ஏற்கிறோம். ஆனால் அது இரு பக்கத்துக்கும் பொருந்த வேண்டும். இங்கே வரும் உங்கள் பன்னிரண்டு பேரும் தங்கள் தகப்பனிடம் ஒப்பம் வாங்கி வரட்டும்.

வியாழன், 9.15. பஸ் ஏறினேன். பதில் வந்திருக்கவில்லை. வழி நெடுக என் வீடே நினைவில் இருந்தது. அதன் உறுதிப் பத்திரம் என் பெயரில். மனைவியின் கடவுச்சீட்டும் என் அலுமாரியில்தான். அவர் கேட்டதில்லை, நான் எடுத்துக் கொடுத்ததுமில்லை.

1.20. மகியங்கனையில் தேநீர் குடிக்கையில் நஸீறா அழைத்தார். கல்லூரி படிவத்தை விலக்கிக்கொண்டதாம். தங்கள் மாணவிகளிடம் அப்படிக் கேட்பது அவமரியாதை என்று எழுதியிருந்தார்களாம்.

நல்ல செய்திதானே என்றேன்.

"எங்களிட்டக் கேட்டது மட்டும் மரியாதையா? அதுக்கும் பதில் வேணும். ஸில்மியா எழுதிக்கிட்டிரிக்கா."